ராகியைத் திரும்பக் கூட்டிப்போனவர்

என் மகளுக்கு ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். ஆறேழு மாதம் கழித்து, அது இல்லாமல் எங்களால் முடியாது என்று ஆன பிறகு, அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அவரைப் பற்றி யாரிடமாவது பேச ஆரம்பித்தால் இந்த இரண்டில் எதை முதலில் சொல்வது என்று எனக்கு இன்றும் குழப்பமாக இருக்கும். முதலாவதைச் சொன்னால் எவ்வளவு நல்ல மனுஷன் என்பார்கள். இரண்டாவதைச் சொன்னதும் முகம் மாறும். இரண்டையும் அவர் ஒரே காரணத்துக்காகத்தான் செய்தார் என்று புரியவைக்க நேரம் பிடிக்கும். எனக்கே புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

குட்டையான ஆள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காக்கி பேண்ட்டின் முழங்கால் இரண்டிலும் எப்போதும் மண் ஒட்டியிருக்கும், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து. சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதில் அவித்த கோழி ஈரல் துண்டுகள். அதனால் அவர் வந்துபோன பிறகும் எங்கள் ஹாலில் கொஞ்ச நேரம் ஈரல் வாசனை நிற்கும். வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களோடு ஓசூர்த் தமிழ். நாய்களிடம் மட்டும் தெலுங்கைத் தவிர வேறு பேச மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, திட்டெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும்தான் கற்றுக்கொண்டாராம், தெலுங்கில் திட்டத் தெரியாதாம், அதனால் நாய்களுக்கு அதுதான் நல்லது என்றார். சிரிக்காமல் சொன்னார்.

கெலமங்கலம் போகும் வழியில், ரோஜாப் பண்ணைகளின் வெள்ளைக் கூடாரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை அவருடையது. ஏழெட்டு நாய்கள் இருக்கும். கால் வராதவர்களுக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்க, வலிப்பு வந்தவர் பக்கத்தில் நின்று குரைத்து ஆளைக் கூப்பிட, முதியோர் இல்லத்தில் கட்டிலோரம் போய்த் தலையை வைத்துக்கொண்டு நிற்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை பழக்குவார். மனிதர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. என்னைக் கடைசிவரைக்கும் 'ராகி வீட்டம்மா' என்றுதான் கூப்பிட்டார். என் மகளின் பெயரைக் கற்றுக்கொள்ளவே அவருக்கு ஒரு வருடம் ஆனது.

மகள் பவித்ராவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு கிடையாது. அதைக்கூட நாங்கள் பழகிக்கொண்டோம். ஓட்டம்தான் பழகவில்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும், போய்விடுவாள். எதை நோக்கி ஓடுகிறாள், எதைக் கண்டு ஓடுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீடு பாகலூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற சாலை. ஒருநாள் அவள் நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். லாரி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அந்த டிரைவர், வடக்கத்திப் பையன், இறங்கி வந்து என்னைத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். நான்தான் அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு நான் வேலையை விட்டேன். சிப்காட்டில் ஒரு உதிரிபாக கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வீட்டுக்காரருக்கும் அங்கேயே வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வெளியே போனால் பவித்ராவின் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் போவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுக்குப் பயிற்சி கொடுத்த சென்டரில் ஒரு டாக்டரம்மா இதைப் பார்த்துவிட்டு இந்த நாய்க்காரரின் போன் நம்பரைக் கொடுத்தார்.

முதல் தடவை அவர் நாயில்லாமல் வந்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. பவித்ராவைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. நாய் வந்தால் பகலில் எங்கே படுக்கும், அந்த இடத்தில் வெயில் எப்போது விழும், எந்த நேரத்தில் அதை யாரும் தொட மாட்டீர்கள், அதற்கு என்று ஒரு மூலை தருவீர்களா, இவைதான் அவருடைய கேள்விகள். பெண்ணைப் பிடிக்கத் தெருத் தெருவாக ஓடுகிற எனக்கு எரிச்சலாக வந்தது. நாய்க்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறாரா என்று அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அதன்பின் ஒருநாள் ராகி வந்தது. லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த பெட்டை. கேழ்வரகுக் களியின் நிறம். அதனால்தான் அந்தப் பெயர். அதன் முதுகில் ஒரு சட்டை மாதிரி பட்டை, அதிலிருந்து ஒரு வார் பவித்ராவின் இடுப்பு பெல்ட்டுக்கு. இன்னொரு கயிறு என் கையில். பவித்ரா ஓட எத்தனித்தால் ராகி அப்படியே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். முப்பது கிலோ நாயை இழுத்துக்கொண்டு எட்டு வயதுப் பெண்ணால் ஓட முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைச் சரியான நொடியில் செய்ய ஒரு நாய்க்குக் கற்றுத்தர ஒன்றரை வருடம் ஆகும் என்றார்.

உழவர் சந்தைக்கு நாங்கள் மூன்று பேராகப் போன முதல் நாள் எனக்கு மறக்காது. கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினேன். இரண்டு கையாலும். அதற்கு முன் எத்தனையோ வருடமாக ஒரு கையால்தான் எதையும் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குள் இன்னொன்று நடந்தது. பவித்ரா யாரையும் தொட மாட்டாள், என்னையும்கூட. ஆனால் ராகியின் மேல் கவிழ்ந்து படுத்தாள். முழு பாரத்தையும் போட்டுப் படுப்பாள். அதன் காதுக்குள் விரலை விட்டுக்கொள்வாள். கழுத்துத் தோலைப் பிடித்துத் திருகிக்கொண்டே தூங்கிப் போவாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகளுக்கு ஒரு உயிர் பிடித்துவிட்டது என்று எனக்கு அழுகை வரும்.

அவர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். வந்தால் நாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கண்ணை ராகியின் மேல் வைத்திருப்பார். அவரிடமிருந்து நாய் வாங்கிய மற்ற வீடுகளைப் பற்றி அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். அவருக்கு என்று நன்றாகப் பழக்கிய நாயை இவர் கூட்டிப்போயிருக்கிறார். கூடவே சும்மா வந்த இன்னொரு நாய், எதற்கும் லாயக்கில்லாத சோம்பேறி, நேரே போய் அந்தப் பெரியவரின் உணர்ச்சியில்லாத காலின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. பழக்கிய நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சோம்பேறியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். பெரியவரின் மகன் போன் போட்டுச் சத்தம் போட்டானாம். அதுவாப் போய்ப் படுத்துச்சே, நான் என்ன பண்றது என்று கேட்டாராம். அந்தப் பெரியவர் இப்போது அந்த நாயை எழுப்பி நடக்கவைப்பதற்காகவே தடியை ஊன்றித் தோப்பைச் சுற்றி வருகிறார் என்று அவர் சொன்னபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொரு கதை சிரிப்பதற்கு இல்லை. பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் ஒரு கால் போனவர், தனி ஆள். அவரிடம் விட்ட நாயை இவர் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். அந்த மனிதர் குடித்துவிட்டுக் கத்துவாராம். அடித்ததில்லை, ஒருநாளும் அடித்ததில்லை, கத்துவது மட்டும்தான். கத்தும்போது நாய் போய் அடுப்பு மேடைக்கு அடியில் மூத்திரம் விட்டுக்கொண்டு நிற்கும். ஒருநாள் சென்டரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்த மனிதரின் அக்கா என்று பேச்சில் தெரிந்தது. நாய் போனதிலிருந்து தம்பி வெளியே வருவதே இல்லை என்றார். பேசுறதுக்கு அதாவது இருந்துச்சு, அதையும் பிடுங்கிக்கினு போயிட்டார் என்றார். நான் அதை இவரிடம் கேட்டேன். அந்த ஆளுக்கு வேறு உதவி தேட வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. இவர் செய்தது சரியா என்றும் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு அதை வேறு யாருடைய கதையோ என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்ததும் ராகி எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. பவித்ரா பின்னாலேயே வந்து அதன் மேல் கவிழ்ந்தாள். காதுக்குள் விரல் போனது. ராகி அசையவில்லை, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. எவ்வளவு நேரம் இப்படிப் படுத்தாலும் ஒரு உறுமல் கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் குனிந்து ராகியின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்துக்கு மேலே முடி போய், தோல் சிவந்து ஈரமாக இருந்தது. ஏதோ சேற்றுப்புண் என்று நான் மஞ்சள் தடவியிருந்தேன். சாப்பாடு முழுதும் சாப்பிடுகிறதா என்றார். கொஞ்ச நாளாக மிச்சம் வைக்கிறது என்றேன். யாரும் இல்லாதபோது எங்கே படுக்கிறது என்றார். கட்டிலுக்கு அடியில், சுவரோரம் என்றேன். 

"கூட்டிக்கினு போறன்ம்மா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத்தானே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். காலில் இருப்பது புண் இல்லை, அதுவே நக்கி நக்கிப் பண்ணிக்கொண்டது, தாங்க முடியாதபோது நாய்கள் அப்படிச் செய்யும் என்றார்.

"ஒருநாளும் முறைச்சதுகூட இல்லண்ணா. பிடிக்கலன்னா அது காட்டியிருக்காதா?"

"காட்டிக்கினுதான் இருக்குது. பொறுத்துக்கன்னு அதுக்குக் கத்துக்குடுத்தவன் நானு. அடங்கி இருக்கறதும் சம்மதிச்சு இருக்கறதும் ஒண்ணு இல்லம்மா. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"எம் பொண்ணு மறுபடி ரோட்டுக்கு ஓடுனா?"

"ஓடுவா. அதுக்கு வேற வழி பண்ணணும், நான் பண்றன். ஆனா அந்தப் பாரத்த இது மேல ஏத்தி வச்சு ஆவாது."

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இரைந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். ஒரு நாய்க்காக என் பிள்ளையைப் பலி கொடுக்கச் சொல்கிறீர்களா என்றார். நாய்க்காரர் நின்று கேட்டுக்கொண்டார். இப்படியே போனால் ஒருநாள் இது கடித்துவிடும், இல்லையென்றால் கடிக்காமலே உள்ளுக்குள் செத்துப்போகும், எது நடந்தாலும் அதைப் பார்க்கப்போவது பாப்பாதான் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, தப்பு உங்களுடையது இல்லை, பாப்பாவுடையதும் இல்லை, நாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன், பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது என் தப்பு என்றார். வீட்டுக்காரர் கேட்டிலிருந்து கையை எடுத்தது அதனால் இல்லை. ராகி அதற்குள் பாதி திறந்திருந்த கேட் வழியாக நடந்து போய், நாய்க்காரர் வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய ஆட்டோவின் பின்சீட்டில் ஏறிப் படுத்துவிட்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

பவித்ரா அன்று அழவில்லை. ராகி படுக்கும் இடத்தில் போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். வெறும் தரையில். இரண்டு நாள் அப்படிக் கிடந்தாள். நான் அந்த மனிதரைத் திட்டாத திட்டு இல்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மறுவாரமே பவித்ரா ஓடினாள். தெருமுனையில் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். எப்படித் தெரிந்ததோ, அடுத்த நாள் காலையில் அந்த நாய்க்காரர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார், கையில் ஒரு ஹார்டுவேர் கடைப் பையோடு. நான் உள்ளே கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. வெளியே நின்றபடியே கேட்டின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். திறந்தால் சத்தம் வருகிற மாதிரி ஒரு மணி கட்டினார். முடித்துவிட்டு, பாப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க விடுவீங்களா என்றார். நான் கதவைத் திறந்தே போட்டுவிட்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அதுதான் என் பதில்.

வாரத்துக்கு இரண்டு நாள், கெலமங்கலத்திலிருந்து ஆட்டோ ஓட்டி வந்தார். அவர் செய்ததைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்பார்கள். எங்கள் ஹாலில், ராகி படுத்த அதே இடத்தில், சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். படுத்துக் கிடப்பார். முதல் சில நாள் பவித்ரா திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வந்தாள், ஒருவேளை ஈரல் வாசனைக்குத்தானோ என்னவோ. அவர் மேல் கவிழ்ந்து படுத்தாள். காதுக்குள் விரலை விட்டாள். அந்த ஆள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, ராகி திருப்பின மாதிரியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். 'சாலு' என்றார். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு மெல்ல நகர்ந்து, இரண்டு அடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் மறுபடி போனால் மறுபடி முகத்தைத் திருப்பல், சாலு, நகர்தல். அவள் வராமல் இருந்தால் தானே கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்து வருவார். சுவரோரமாக அவர் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்ட நாள்கூட உண்டு. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த எனக்கு, இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும், முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அப்படி ஒருநாள், தரையில் படுத்தபடியே, என்னைப் பார்க்காமல் ஒரு விஷயம் சொன்னார். நாய் இப்படிப் பழக்குவதற்கு முன்னால் கம்பெனிகளுக்குக் காவல் நாய் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். நல்ல பெயர். அவர் நாய் சொல் தட்டாது என்பார்களாம். ஒரு சித்திரை மாத மதியம் ஒரு கம்பெனி வாசலில், சிமெண்டுத் தரையில், ஒரு நாயை உட்கார் என்று சொல்லிவிட்டு உள்ளே மேனேஜரோடு பேசப் போனார். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் அது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாலடி தள்ளி நிழல். எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்தது, நடக்க முடியவில்லை. நாலு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி நாய்தான் வேண்டும், இன்னும் இரண்டு கொடுங்கள் என்றாராம்.

"வாலாட்டுச்சும்மா. என்னப் பாத்து வாலாட்டுச்சு. அதான் எனக்குத் தாங்கல" என்றார்.

  அன்றைக்கு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ராகி போன பிறகு முதல் தடவையாக.

மழைக்காலம் முடியும்போது பவித்ரா மாறியிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பியதுமே, சாலு என்று சொல்வதற்கு முன்பே, கையை எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். என் முகத்தையும் அவள் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

ஒருநாள் ஆட்டோவில் ராகியோடு வந்தார். கேட்டுக்கு எதிரே நிறுத்தி, இறங்கி, தள்ளிப் போய்த் தெருவிளக்குக் கம்பத்தோரம் நின்றுகொண்டார். கூப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடாதீங்க என்று எங்களுக்கும் சைகை காட்டினார். ராகி வீட்டைப் பார்த்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. இறங்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த வாரமும் அதேதான். அண்ணா, ஒரு சத்தம் குடுத்தா எறங்கிடுமே என்று கெஞ்சினேன்.

"எறங்கும்மா. நான் சொன்னா எறங்கும். அதான் சொல்லல" என்றார்.

எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. ராகி ஆட்டோவிலிருந்து இறங்கியது. இறங்கி, தெருவை முகர்ந்து, எதிர்வீட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பவித்ரா கேட்டுக்கு உள்ளே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குதித்தாள், கையை உதறினாள், ஆனால் கேட்டைத் தள்ளவில்லை. ரொம்ப நேரம் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண் பால் வாங்கப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். பிறகு ராகி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தெருவைக் கடந்து வந்தது. நான் கேட்டைத் திறந்தேன். உள்ளே வந்து, பவித்ராவுக்கு இரண்டு முழம் தள்ளிப் படுத்தது. பவித்ரா அதன் எதிரில் உட்கார்ந்தாள். தொடவில்லை. முதலில் கையை நீட்டியது ராகிதான். கையை என்றா சொல்வது, முன்னங்காலை நீட்டி அவள் பாதத்தின் மேல் வைத்தது.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தில் சாய்ந்து நின்றபடி, டப்பாவிலிருந்து ஈரல் துண்டு ஒன்றை எடுத்துத் தானே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அதன்பின் ராகி எங்களோடு பல வருடம் இருந்தது. பகலில் இரண்டு மணி நேரம் அதன் மூலைக்குப் பக்கத்தில் யாரும் போக மாட்டோம், பவித்ராவும்தான். வயதானதும் அவரே வந்து அதன் பட்டையைக் கழற்றிவிட்டார். போன வருடம் அது எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடியது. அதற்கு முன்பே அவர் இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விட்டிருந்தார். கொட்டகை இருந்த நிலத்தை விற்று பிளாட் போட்டார்கள். ஆந்திராவில் குப்பத்துக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்கு நாய்களோடு போவதாகச் சொன்னார். கொஞ்ச நாள் போன் எடுத்தார், பிறகு அந்த நம்பர் இல்லாமல் போனது. ராகி செத்ததைச் சொல்ல ஆள் விட்டு விசாரித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

பவித்ராவுக்கு இப்போது பதினாறு. பேச்சு வரவில்லை. ஓட்டம் நின்றுவிட்டது. இந்த ஆனியில் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தேன். காகிதப் பை ஒட்டக் கற்றுத்தருகிறார்கள். முதல் மாதம் முடிந்து நான் பார்க்கப் போனபோது அங்கே பொறுப்பில் இருக்கிற மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், உங்க பொண்ணு தங்கம், சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி உட்கார்ந்திருப்பாள், ஒரு தொந்தரவு கிடையாது என்று. பதினாறு வருடத்தில் அவளைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான், கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒட்டினாள், அடுக்கினாள், ஒட்டினாள். மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனபோதும் அவள் எழவில்லை. ஃபேன் கடகடக்கும் ஒவ்வொரு முறையும் தோளைக் காதுவரை தூக்கினாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கெட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

மறுநாள் காலையில் நான் அவளைக் கிளப்பவில்லை. தலை வாரி விட்டேன். பையை எடுத்துத் தோளில் மாட்டுவதற்குப் பதிலாகக் கதவோரம் வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கையால் பொறு என்றேன். பவித்ரா வந்தாள். பையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்க் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் வண்டியை அணைத்தார்.

பத்து மணிக்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. ஏன் வரவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று மேடம் கேட்டார்.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு இன்னிக்கு வேணாமாம்" என்றேன்.